மழைக்காரியின் பதிமூணு பத்தி

— கதவைச் சாத்திட்டு வா. உங்கப்பா முழிச்சுக்கப் போறாரு.

— சாத்திட்டேன் அத்தை.

— அப்புறம் ஏன் அங்கயே நிக்கற? வா, கட்டில்ல உக்காரு. எனக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி. காலையில ஆறு மணிக்கு நாவல் தளத்துல ஏறலன்னா எங்க மேடம் என்னை வறுத்து எடுத்துடுவாங்க. இந்த ஹீரோ வேற ஒரே பக்கத்துல அஞ்சு தடவை பெருமூச்சு விடறான். ஆஸ்துமாவா காதலான்னே தெரியல.

— நீங்க வேலையப் பாருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்.

— பன்னெண்டரை மணிக்கு சும்மா உக்கார வந்தியாக்கும். பரீட்சைப் பயமா?

— இல்ல.

— வயித்த வலிக்குதா?

— இல்ல அத்தை.

— எவனாவது...

— ஐயோ, அதெல்லாம் இல்ல. சத்தியமா இல்ல.

— சரி விடு. உன் மூஞ்சியப் பாத்தா, அதுவா இருந்திருந்தாக்கூட தேவலைன்னு தோணுது.

— அத்தை, உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒருத்தியத் திட்டறாங்கல்ல? நாவலுங்களைப் பத்தி ப்ளாக் எழுதறவ.

— யாரு, தலகாணிக்காரியா? 'தலகாணிக்கு அடியில'ன்னு பக்கம் வெச்சிருக்காளே, அவளா? அவ பேச்சை எதுக்கு இப்ப எடுக்கற? மூணு வாரமா எங்க பொழப்பு நாறுது அவளால. வேலைவெட்டி இல்லாத நாப்பது வயசுக்காரி எவளோ, புருஷன் மேல இருக்கற கோவத்தையெல்லாம் காதல் நாவல் மேல காட்டறா. கையில மட்டும் கெடச்சான்னு வெச்சுக்கோ...

— பதினாறு.

— என்ன பதினாறு?

— அவளுக்கு வயசு. நாப்பது இல்ல, பதினாறு. நான்தான் அத்தை அது.

— சிரிச்சுக்கிட்டே சொல்லு, வெளையாட்டுன்னு நெனச்சுக்கறேன்.

— வெளையாட்டு இல்ல அத்தை.

— எப்பலேர்ந்துடி?

— எட்டாவது படிக்கறப்பலேர்ந்து. நீங்கதான எழுத்துப் பிழை பாரு, பிழை பாருன்னு நாவல் நாவலா குடுத்தீங்க. பாத்து முடிச்சதும் நெஞ்சுக்குள்ள என்னமோ நெறைஞ்சு கெடக்கும். யார்கிட்ட சொல்றது? உங்ககிட்ட வந்தா, 'கதையப் படிக்காதடி, எழுத்தைப் படி'ம்பீங்க.

— அதனால ஊருக்கே சொல்லிட்ட.

— முதல்ல பதினோரு பேர்தான் படிச்சாங்க. அதுல மூணு பேரு நானே.

— இப்ப?

— அந்தப் பதிவுக்கு அப்புறம் ஒன்பதாயிரம்.

— அந்தப் பதிவு. மழைக்காரி கதை திருடின்னு போட்டியே, அது. உனக்குத் தெரியுமா, அது வந்த மறுநாளே அந்தம்மாவோட பத்தொன்பது நாவலையும் தளத்துலேர்ந்து தூக்கச் சொன்னாங்க. தூக்கினது இந்தக் கை. ஒவ்வொண்ணா அழுத்தி, 'நிச்சயமா நீக்கணுமா'ன்னு அது கேக்க, 'ஆமா'ன்னு நான் சொல்ல. பத்தொன்பது தடவை ஆமா.

— நான் வேணும்னு பண்ணல அத்தை.

— மழைக்காரின்னு அந்தப் பேரையும் நீதான வெச்ச?

— எந்தக் கதைய எடுத்தாலும் மழை பெய்யுதேன்னு சிரிப்பா எழுதினேன். அதுவே நின்னுடுச்சு. ஆனா திருடின்னு எழுதினப்ப சிரிச்சு எழுதல. நிஜமாவே கோவம். மகாராணிகிட்டேர்ந்து திருடினா எனக்குக் கோவம் வராதா? உங்க தளத்துலயே அவங்கதான் பெரிய எழுத்தாளர், எனக்கு உயிரு. போன ஆகஸ்ட்ல அவங்க நாவல் வந்துச்சுல்ல, அதுல பஸ் ஸ்டாண்டு சீன் ஒண்ணு வரும்.

— தெரியும்.

— அவன் ஊரை விட்டுப் போறான். சட்டையில ஒரு பட்டன் அந்து கெடக்கு. அவ சட்டையக் கழட்டச் சொல்ல மாட்டா. அவன் மேலயே வெச்சுத் தெச்சு விடுவா. நூலைப் பல்லால கடிக்கறப்ப அவ நெத்தி அவன் நெஞ்சுல படும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல அத்தை. 'இதை எழுதின கைக்கு முத்தம் குடுக்கணும்'னு என் பக்கத்துல எழுதினேன்.

— படிச்சேன்.

— நீங்களா?

— எல்லாருந்தான் படிச்சாங்க. மேல சொல்லு.

— அப்புறம் லீவுல மழைக்காரி நாவல் ஒண்ணு எடுத்தேன். நடுவுல அதே சீன். அதே பட்டன், அதே நூலு, அதே நெத்தி. எண்ணிப் பாத்தேன், பதிமூணு பத்தி. புத்தகத்துக்குக் கீழ தேதி பாத்தேன், இந்த பிப்ரவரி. மகாராணியோடது ஆகஸ்ட். முன்னாடி வந்தது மகாராணின்னா, திருடினது யாரு? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் போட்டேன். விடியறதுக்குள்ள பத்திக்கிச்சு. எனக்கு... நல்லா இருந்துச்சு அத்தை. பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துல என் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. இங்க எல்லாரும் 'தலகாணி சொன்னா சரியா இருக்கும்'ங்கறாங்க.

— ம்.

— அந்தத் தேதி என்ன தேதி அத்தை? முதல்ல வெளிவந்த தேதியா?

— கடைசியா ஃபைல் ஏத்தின தேதி.

— அப்படின்னா?

— பிப்ரவரியில பழைய நாவலுக்கெல்லாம் அட்டை மாத்தச் சொன்னாங்க. முன்ன பூவும் குளமும் போட்டு வெச்சிருந்தோம், அது ஓடலையாம். இப்ப எல்லாத்துலயும் சட்டை போடாத ஆளு, கழுத்துக்கு மேல தலையே கெடையாது. அட்டைய மாத்தினா ஃபைல மறுபடி ஏத்தணும். ஏத்தினா தேதி புதுசாயிடும். அதுக்கு முன்னாடி வாசகிங்க போட்ட கமென்ட்டும் மொத்தமா போயிடும்.

— அப்ப மழைக்காரியோடது பிப்ரவரி இல்ல.

— மூணு வருஷப் பழசு.

— உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மூணு வாரமா தெரிஞ்சிருக்கு.

— நான்தானடி ஏத்தறவ.

— அப்ப ஏன் சொல்லல?

— யாரும் என்னைக் கேக்கல.

— கேட்டாத்தான் சொல்லுவீங்களா?

— நீ மட்டும் போடறதுக்கு முன்னாடி யாரைக் கேட்ட? பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கேன். 'அத்தை, இது என்ன தேதி'ன்னு ஒரு வார்த்தை. இதோ இப்ப கேட்ட மாதிரி.

— கேட்டா மாட்டிக்குவேன்னு பயந்தேன்.

— சரி விடு. அழாத. உங்கப்பாவுக்குக் கேக்கும். மூக்கைத் துடை. இன்னும் ரெண்டு வாரத்துல எல்லாம் ஆறிடும்.

— ஆறல அத்தை. சாயங்காலம் எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. மழைக்காரியோட பொண்ணு எழுதியிருக்கா.

— அந்தம்மாவுக்குப் பொண்ணு இருக்கா?

— என் வயசு. படிக்கவா?

— வேணாம்.

— படிக்கறேன் அத்தை. என்னால தனியா வெச்சுக்க முடியல. "அக்கா, உங்களுக்கு என்ன வயசுன்னு தெரியல. பெரியவங்களாத்தான் இருப்பீங்க, அதான் அக்கான்னு கூப்பிடறேன். எங்கம்மா வெச்சிருக்கறது சலவைக் கடை. காலையில நாலு மணிக்குத் துணி ஊற வெச்சா ராத்திரி வரைக்கும் உக்கார மாட்டாங்க. மழை பெஞ்சாத்தான் துணி காயாது. அன்னைக்குத்தான் இஸ்திரி கெடையாது. அன்னைக்கு மட்டும் நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு எழுதுவாங்க. வெளிய பெய்யறதால கதையிலயும் பெய்யும். நீங்க அதைக் கிண்டல் பண்ணப்ப அம்மா கோவப்படல. மழைக்காரி நல்ல பேருதான்னு சிரிச்சாங்க."

— கொஞ்சம் நிறுத்து.

— இன்னும் இருக்கு.

— அந்தத் தண்ணி பாட்டிலை எடு... ம். படி.

— "பட்டன் தைக்கறது கதையில்ல அக்கா. எங்கப்பா வேலைக்குன்னு ஊரை விட்டுப் போன அன்னைக்கு நடந்தது. அப்பா திரும்பி வரல. நாலு வருஷம் கழிச்சு ஒரு மழை நாள்ல அம்மா அதை எழுதினாங்க. நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். அப்ப நான் எட்டாவது. இப்ப கடைக்கு வர்றவங்க, 'கதைய மாத்தினவ துணியையும் மாத்திடுவியா'ன்னு கேட்டு சிரிக்கறாங்க. போன வாரம் மழை பெஞ்சுது. அம்மா நோட்டை எடுக்கல. மொட்டை மாடியில, கொடியில தொங்கற துணிங்களுக்கு நடுவுல போய் நின்னு நனைஞ்சாங்க. நான் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். எனக்குப் பயமா இருக்கு அக்கா. புத்தகமெல்லாம் திரும்பி வர வேணாம். அம்மா பேரை மட்டும் திருப்பிக் குடுங்க."

— கேட்டுட்டேன்டி.

— அதுக்கப்புறம் நான் முன்னாடியே எறக்கி வெச்சிருந்த ரெண்டு நாவலையும் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை தேதியப் பாக்கல, கதையப் படிச்சேன். மழைக்காரியோடதுல மழை கொட்டுது. அதான் ரெண்டு பேரும் அந்தச் சின்னக் கூரைக்கடியில ஒண்டிக்கிட்டு நிக்கறாங்க. மகாராணியோடதுல மழையே இல்ல. பட்டப்பகல். மழையே இல்லாம எதுக்கு அத்தை ரெண்டு பேரு அவ்வளவு நெருங்கி நிக்கணும்?

— வெயிலுக்கு ஒதுங்கினாங்கன்னு வெச்சுக்கோயேன்.

— அப்ப கடைசியில அவ ஏன் முந்தானையப் பிழியறா?

— பிழியறாளா?

— பதிமூணாவது பத்தியில. 'முந்தானையைப் பிழிந்துகொண்டே திரும்பி நடந்தாள்'னு இருக்கு. வெயில்ல நின்னவ எதைப் பிழிவா?

— அடக் கடவுளே. அதை எடுக்காம விட்டுட்டேனா?

— விட்டுட்டீங்களா? நீங்களா?

— ஏன் அப்படிப் பாக்கற?

— நீங்க ஃபைல் போடறவங்க மட்டும்தான அத்தை? அட்டை, தேதி, பக்க எண்ணு. அவ்வளவுதான? அப்படிச் சொல்லுங்க அத்தை.

— அப்படியே சொல்லிடலாம்னுதான் மூணு வாரமா பாக்கறேன். அந்தப் பொண்ணு எழுதினதைக் கேட்டப்புறம் வாய் வரல.

— மகாராணி உங்ககிட்ட குடுத்தாங்க, நீங்க சரி பண்ணீங்க. அப்படித்தான?

— மகாராணின்னு ஒரு ஆளே கெடையாதுடி கண்ணு. அது எங்க ஆபீஸ் வெச்ச பேரு. நாங்க மூணு பேரு முறை போட்டுக்கிட்டு எழுதறோம். போன ஆகஸ்ட் என் முறை.

— அவங்க போட்டோ இருக்கே. கண்ணாடி போட்டுக்கிட்டு, பூந்தொட்டி பக்கத்துல...

— அது மேடத்தோட நாத்தனாரு. கல்யாணப் பத்திரிகையத் தவிர எதையும் படிச்சதில்ல.

— நான் அவங்களுக்கு லெட்டர் எழுதியிருக்கேன். நாலு பக்கம். 'என் அன்புத் தங்கையே'ன்னு பதில்கூட வந்துச்சு. அதை அச்செடுத்து பீரோவுல ஒட்டி வெச்சிருக்கேன்.

— ஒட்டி வெச்சிருக்கியா? உன் துணிக்கு நடுவுலயா? நான் தெறந்ததே இல்ல.

— அதை எழுதினது...

— நான்தான். நீ வேற பேரு போட்டிருந்த. இந்த வீட்டுலேர்ந்துதான் வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்ல லெட்டருடி. அப்படி ஒண்ணு எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததேயில்ல. ஆனா அதுல நீ புகழ்ந்ததெல்லாம் அந்தப் பட்டனைத்தான். படிக்கப் படிக்கக் குத்துச்சு.

— ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு எழுத வராதா?

— ஒன்பது நாள்ல நாவல் கேட்டாங்க. உங்கப்பா மிஷின்ல கைய விட்டுட்டு ஆஸ்பத்திரியில கெடந்தாரே, ஞாபகம் இருக்கா? நான் அந்த நடையில பெஞ்சுல உக்காந்து, மடியில வெச்சுத் தட்டிக்கிட்டே இருந்தேனே?

— ஃபைல் வேலைன்னு சொன்னீங்க.

— நாவல் வேலை. உள்ள கட்டு மாத்தறப்ப எங்கண்ணன் கத்தறாரு. வெளிய நான் காதல் எழுதணும். ஒரு வரி வரல. பழைய நாவலெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு. மழைக்காரியோடதை அப்ப எறநூறு பேரு படிச்சிருப்பாங்களா, யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுதுன்னு எடுத்தேன். மழைய மட்டும் எடுத்துட்டா போதும்னு நெனச்சேன். மழை இருந்தா அந்தம்மாவோடதுன்னு தெரிஞ்சிடும்ல.

— தெரிஞ்சே எடுத்தீங்க.

— தெரிஞ்சேதான். நேரமில்லன்னு சொல்றேன், அதுவும் முழு நெசமில்ல. முதல்ல அந்த நாவலுக்கு ஃபைல் போட்ட அன்னைக்கே அந்த இடத்துல என் கை நின்னுடுச்சு. நான் பதினோரு வருஷமா எழுதறேன். எனக்கு அப்படி ஒரு பத்தி வந்ததில்ல. பதிமூணு எங்க வரும்? பொறாமைதான். ஒரு தடவை அது என்னோடதா இருந்தா எப்படி இருக்கும்னு பாத்தேன்.

— எப்படி இருந்துச்சு?

— எல்லாரும் புகழ்ந்தாங்க. ஒருத்திகூட என்னைப் புகழல. சரி விடு, இப்ப உனக்கு அது எதுக்கு.

— அத்தை, மேடத்துக்கு இப்பவே போன் போடுங்க. நீங்களாவே சொல்லிடுங்க. நான் எடுத்தேன்னு.

— இந்நேரத்துக்கா? என் போனே சாயங்காலத்துலேர்ந்து அணைஞ்சு கெடக்கு.

— என் போன்ல பேசுங்க.

— ஏண்டி இப்படிப் பறக்கற? கையக் குடு. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கடி. நீ சின்னப் பொண்ணு, தேதிய நம்பின. நம்பற மாதிரிதான் நாங்க போட்டு வெச்சிருக்கோம்.

— எனக்காகப் பயப்படல அத்தை. நீங்க விடியறதுக்குள்ள சொல்லிடணும். ப்ளீஸ் அத்தை.

— முதல்ல தோணினதைச் சொல்லட்டுமா? 'அந்தப் பதிவை மட்டும் சத்தமில்லாம எடுத்துடு, மெயிலுக்குப் பதில் போடாத'ன்னு சொல்ல வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

— எடுத்தா அவங்க பேரு திரும்பி வராது.

— வராது. அந்தம்மா மழையில நின்னதும் இல்லன்னு ஆகாது. அதான் முழுங்கிட்டேன்.

— வேலை போயிடுமா?

— போகும். மகாராணி யாருன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். வேலை மட்டும் போனா பரவாயில்ல. போகட்டும். துணிக்கடையில நிக்கறேன், எனக்கென்ன. இங்க பாரு, அழுகைய நிறுத்திட்டு நான் சொல்றதைக் கேளு. காலையில முதல்ல உங்கப்பாகிட்ட சொல்றேன். அண்ணன் கத்துவாரு, கத்தட்டும். அப்புறம் அந்தம்மாவை நேர்ல போய்ப் பாக்கறேன். விலாசம் ஆபீஸ்ல இருக்கு. திட்டினா வாங்கிக்கறேன், அடிச்சா பட்டுக்கறேன். அதுக்கப்புறம்தான் மேடம். அதுக்கும் அப்புறம்தான் உன் ஒன்பதாயிரம் பேரு.

— அத்தை...

— குறுக்க பேசாத, அப்புறம் எனக்கு தைரியம் போயிடும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அது என் வாயால வெளிய வரணும். எவளோ துருவித் துருவிக் கண்டுபிடிச்சா, இவ மாட்டிக்கிட்டதால ஒத்துக்கிட்டான்னு ஆகக் கூடாது. தானா வந்து சொன்னாளேன்னு அந்தம்மா ஒரு நிமிஷமாவது நெனைக்கணும். நான் பண்ணினதுக்கு அது சின்னதுதான். ஆனா அது போச்சுன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லடி. நாளைக்கு ஒரே ஒரு நாள் எனக்குக் குடு. அதுவரைக்கும் உன் பக்கத்துல எதையும் போடாத. என்ன?

— பத்து மணிக்கே போட்டுட்டேன் அத்தை.

— எதை?

— நீங்க குளிக்கப் போனப்ப இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து ரெண்டு நாவலோட ஃபைலையும் எடுத்தேன். ஃபைலுக்குள்ள மொத மொதல்ல உண்டாக்கின தேதி இருக்கும்ல, அதைப் படம் புடிச்சுப் போட்டேன். மழைக்காரியோடதுதான் பழசுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு.

— தேதிதான? நல்லதுதானடி. அந்தம்மா பேரு இந்நேரம் திரும்பி வந்திருக்கும். அதுக்கா இப்படி அழற?

— தேதிய மட்டும்தான் அத்தை பாத்தேன். மகாராணி ஃபைல்ல தேதிக்கு மேல எழுதியவர்னு ஒரு வரி இருந்திருக்கு, அதுல உங்க பேரு. ஒருத்தி அதைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டுட்டா, நாலாயிரம் பேரு பாத்துட்டாங்க.